கால் பங்கு

கும்பகோணத்து வீட்டை விற்கப்போகிறோம் என்று சொன்னதும் எங்களிடம் எல்லோரும் முதலில் கேட்டது விலையை அன்று. பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். தரகர் கேட்டார். வாங்க வந்த ஆசிரியத் தம்பதியர் கேட்டார்கள். அவர்களுக்குக் கடன் தர இசைந்திருந்த வங்கியின் வழக்கறிஞரும் கேட்டார். பத்திரம் தாத்தா பேரில், பட்டா அப்பா பேரில் என்று மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னோம். தரகருக்கு அந்தப் பதிலின் பிற்பாதி போதுமானதாக இருந்தது. வழக்கறிஞர் முற்பாதியைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு மாதங்கள் அதிலேயே நின்றார்.

நாங்கள் மூவர்: இரண்டு சகோதரர்கள், ஒரு சகோதரி. மூவருமே ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்பா 2019-ல் காலமான பின் அம்மா எங்களில் ஒருவர் வீட்டில் மாறி மாறி இருந்துவருகிறார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கிணறு என்று நீளும் அந்த ஓட்டு வீட்டைப் பூட்டி வைத்துப் பார்த்தோம். பூட்டிய வீடு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு ஓடு நகர்ந்தால் ஒரு மழைக்காலத்தில் ஒரு உத்திரம் போய்விடும்.

தாத்தா அந்த வீட்டை 1948-ல் கிரயம் வாங்கினார். பாத்திரக்கடையில் கணக்கெழுதிச் சேர்த்த பணம். அந்தக் கிரயப் பத்திரத்தை அதற்கு முன் பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றிய பொருளாக மட்டுமே அறிந்திருந்தோம். படிக்க எடுத்துக்கொண்டது இப்போதுதான். பழைய தஸ்தாவேஜுகளின் தமிழ் ஒரு தனி இலக்கிய வகை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. யாரும் அதை அப்படிப் படிப்பதில்லை, அவ்வளவுதான். நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் எட்டு வகைப் போகங்களோடும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ளவேண்டியது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார் விற்றவர். மண்ணுக்கடியில் புதையல் இருந்தாலும் உன்னுடையது, கல்லும் நீரும் உன்னுடையது, இனிமேல் விளையப்போவதும் உன்னுடையது. இருபத்து நான்கடி அகலமும் எழுபத்தைந்தடி நீளமும் உள்ள ஒரு மனைக்கு இவ்வளவு பெரிய வாக்கு. 'புத்திர பௌத்திர' என்று எழுதிய பத்திர எழுத்தருக்குப் புத்திரிகள் நினைவில் வரவில்லை என்பதையும் கவனித்தோம். அது பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது என்பது அப்போது தெரியாது.

பட்டாவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊரில் பட்டா இருப்பவரே உடைமையாளர் என்ற எண்ணம் மிக ஆழமாக வேரோடியிருக்கிறது. பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்கு அரசு வைத்திருக்கும் குறிப்பு. அது உடைமைக்குச் சான்றாகத் துணை நிற்கும், உடைமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் சலிக்காமல் சொல்லிவருகின்றன. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உடைமை, விற்பனை வழியாக மாற வேண்டுமானால், பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே மாறும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த நூறு ரூபாய் அன்றிலிருந்து இன்றுவரை நூறு ரூபாயாகவே இருப்பது ஒரு வேடிக்கை. பொது அதிகார ஆவணத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் கையில் கொடுத்து 'வீடு உங்களுடையது' என்று சொல்லும் வழக்கமும் பரவலாக இருந்தது. அவற்றால் உடைமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் திட்டமாகச் சொல்லிவிட்டது.

அடுத்தது வில்லங்கச் சான்று. ஐம்பது ஆண்டுகளுக்கு விண்ணப்பித்துப் பெற்றோம். 1983-ல் பதிவான ஒரே ஒரு பத்திரத்தைத் தவிர அதில் எதுவும் இல்லை. அடமானம் இல்லை, கடன் இல்லை, பற்று இல்லை. தரகர் அதைப் பார்த்து, 'கண்ணாடி மாதிரி இருக்குங்க' என்றார். பதிவு அலுவலகத்தில் பதிவானவை மட்டுமே வில்லங்கச் சான்றில் தெரியும். பதிவு செய்யாத உயில் தெரியாது, வாய்மொழிப் பேச்சு தெரியாது, வாடகைக்கு இருப்பவர் தெரியமாட்டார். முக்கியமாக, ஒருவர் இறந்தால் அந்த நொடியிலேயே அவருடைய சொத்து யார் யாருக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறதே, அதுவும் தெரியாது. மரணத்தைப் பத்திரமாக எழுதி யாரும் பதிவு செய்வதில்லை. கண்ணாடி போன்ற அந்தச் சான்றுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்கு ஒன்பது உடைமையாளர்கள் இருந்தார்கள்.

1983 பத்திரம் பெரியப்பா அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். பணம் பெற்றுக்கொண்டு, வீட்டில் தனக்குள்ள பாத்தியத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். 'நம் தகப்பனார் காலத்திற்குப் பின் நம் இருவருக்கும் சமமாகப் பாத்தியப்பட்டு' என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் தரப்பில் நாங்கள் அமர்த்திக்கொண்ட வழக்கறிஞர் எழுபது வயதைக் கடந்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். 'உங்க தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைங்க?' என்று கேட்டார்.

'ரெண்டு.'

'பொண்ணுங்க?'

'ரெண்டு. பெரிய அத்தை 2014-ல தவறிட்டாங்க. சின்ன அத்தை திருச்சியில இருக்காங்க.'

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். தாத்தா 1961-ல் உயில் எழுதாமல் இறந்தார். வீடு அவர் சுயமாகச் சம்பாதித்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, ஐந்து சமபங்கு. 1979-ல் பாட்டி இறந்தபோது அவருடைய ஐந்தில் ஒரு பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் போனது. ஆகவே ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. பெரியப்பா 1983-ல் விட்டுக்கொடுத்தது அரைப் பங்கு என்று பத்திரம் சொன்னாலும் அவரிடம் இருந்தது கால்தான். தன்னிடம் இல்லாததை எவராலும் கொடுக்க முடியாது. அப்பாவுக்குத் தன்னுடைய காலும் அண்ணன் கொடுத்த காலும் சேர்ந்து அரை. மீதி அரை இரண்டு அத்தைகளுடையது.

அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு அறுபது லட்சம் ரூபாய் பேசியிருந்தது. அம்மாவும் நாங்கள் மூவரும் ஆளுக்குப் பதினைந்து லட்சம் என்று எண்ணியிருந்தோம். அது ஏழரை லட்சமாகச் சுருங்கிற்று. எங்களுள் ஒருவருக்கு அந்தப் பணத்தை நம்பி மகளின் கல்லூரிக் கட்டணம் காத்திருந்தது என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

பெண்களுக்குச் சொத்துரிமை வந்தது 1989-ல் கலைஞர் ஆட்சியில்தானே, அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாதே என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் வாதிட்டார். தமிழ்நாட்டில் இந்தக் குழப்பத்துக்குள் சிக்காத குடும்பம் அரிது. ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறோம். 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பத்துப் பூர்விகச் சொத்தைப் பற்றியது. பிறப்பாலேயே மகன்களுக்கு மட்டும் இருந்த பங்குரிமையை அது மகள்களுக்கும் தந்தது. 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை விலக்கியது. அந்த விலக்கை 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவை எல்லாம் பூர்விகச் சொத்துக்கு. ஒரு மனிதர் தாமே சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு 1956-லேயே வந்துவிட்டது. மணமானவளா ஆகாதவளா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. தாத்தாவிடமிருந்து வந்தது எதுவானாலும் நாம் அதைப் பூர்விகம் என்றுதான் பேச்சில் சொல்கிறோம். சட்டத்துக்கு அந்தச் சொல் அவ்வளவு தாராளமானதன்று. தகப்பனின் சுயார்ஜிதம் இந்தச் சட்டப்படி மகனுக்கு வந்தால் அது அவனுடைய தனிச்சொத்தாகவே வருகிறது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றையும் வழக்கறிஞர் சொன்னார். 1956 சட்டத்தில் ஒரு சிறு பிரிவு இருந்ததாம். குடும்பத்து ஆண்கள் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தரும்படி பெண் வாரிசு கேட்க முடியாது. ஆண்கள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். கணவனை இழந்தாலோ கணவனால் கைவிடப்பட்டாலோ அங்கே வந்து தங்கலாம். பங்கு உண்டு, கேட்கும் உரிமை இல்லை. நாற்பத்தொன்பது ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்த அந்தப் பிரிவு 2005-ல்தான் நீக்கப்பட்டது.

தரகருக்குப் பொறுமை போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் ஒருத்தர் அனுபவித்தால் சொத்து அவருக்குத்தான், உங்க அப்பா அறுபது வருஷம் இருந்திருக்காரே என்றார். கூட்டு உடைமையாளர்களுள் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் மற்றவர்களுக்காகவும் இருக்கிறார் என்றே சட்டம் கொள்ளும். 'உனக்குப் பங்கு கிடையாது' என்று வெளிப்படையாக மறுத்து, மறுத்தபடி பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஆடிக்கும் பொங்கலுக்கும் தங்கைக்குச் சீர் அனுப்பிக்கொண்டே இருந்த அண்ணன் எப்போது மறுத்தார்? அந்தச் சீரைத்தான் வேறு சிலர் கணக்கில் கொண்டுவந்தார்கள். கல்யாணச் செலவு, காதுகுத்து, மொய், தாய்மாமன் சீர் எல்லாவற்றையும் கூட்டினால் பங்குக்கு மேலேயே போயிருக்கும் என்றார்கள். அன்பளிப்பு அன்பளிப்புதான், எழுதிப் பதியாத எந்தச் சீரும் பங்கைக் கரைக்காது. அத்தையைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லிவிடலாம் என்று இன்னொரு யோசனை வந்தது. ஊரில் பல பத்திரங்களில் சகோதரிகள் சாட்சிகளாக நிற்பதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. ஆனால் ஒருவர் எழுதிக்கொடுத்ததைப் பார்த்ததற்கான கையெழுத்தே சாட்சிக் கையெழுத்து. சாட்சி தன் பங்கை யாருக்கும் கொடுப்பதில்லை.

அம்மாதான் எல்லோரையும்விடக் கசந்து போயிருந்தார். ஐம்பது ஆண்டுகள் அந்த வீட்டைப் பெருக்கி மெழுகியவர். ஓடு மாற்றியதும் கிணறு தூர் வாரியதும் வீட்டு வரி கட்டியதும் அப்பாவின் சம்பளத்தில். அவருக்கு ஏழரை லட்சம், நாத்தனாருக்குப் பதினைந்து லட்சம். 'இது என்ன நியாயம்?' என்று வழக்கறிஞரிடமே கேட்டார். செலவுகளைக் கணக்கில் கேட்கலாம், ஆனால் வாடகை இல்லாமல் இருந்ததை அவர்களும் கணக்கில் கேட்பார்கள், இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்றார் அவர். அது சட்டத்தின் விடை. அம்மாவின் கேள்விக்கு அது விடையாகவில்லை என்றே நினைக்கிறோம். ஒரு வீட்டை வீடாக வைத்திருந்த உழைப்புக்குப் பங்கு போடும் கணக்கு அந்த வெள்ளைத்தாளில் எங்கும் இல்லை.

கிளம்பும் நேரத்தில் அம்மா வேறொன்று கேட்டார். மன்னார்குடியில் அவருடைய தகப்பனார் வீடு. அவர் 1975-ல் இறந்தார், உயில் இல்லை. மாமாக்கள் 1991-ல் பாகம் பிரித்துக்கொண்டபோது அம்மாவைக் கூப்பிட்டுப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'அதுல எனக்கும் இருந்துச்சா?'

வழக்கறிஞர் சற்று நேரம் பேசவில்லை. 'இருந்துச்சும்மா. நீங்க போட்டது விடுதலைப் பத்திரமா இருக்கும்.'

'ஒரு பட்டுப்புடவை எடுத்துக் குடுத்தாங்க. ஒரு பவுன்.'

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா வாய் திறக்கவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: 'திருச்சிக்குப் போறப்ப புடவை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. விஷயத்தச் சொல்லுங்க. அவ பங்க அவளுக்குக் குடுத்துடுங்க.'

சின்ன அத்தைக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. காது சற்று மந்தம், நினைவு தெளிவு. எல்லாவற்றையும் சொன்னோம். 1961, 1979, கால் பங்கு, பதினைந்து லட்சம். அத்தை மகன் எங்களைவிட அதிகம் திகைத்தார். 'அதெல்லாம் வேண்டாம், அம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்க, மாமா எங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்காரு' என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார்.

'அப்ப, அந்த வீடு என் வீடுமாடா?'

'ஆமா அத்தை. கால் வீடு.'

'கல்யாணம் ஆகிப் போன அறுபது வருஷமும் ஒவ்வொரு தடவையும் உங்க அம்மா வெத்தல பாக்கு வெச்சுக் குடுக்க, வாங்கிக்கிட்டுப் பொறப்படுவேன். முருங்கைக்கா பறிக்கணும்னாகூட 'அண்ணி, நாலு பறிச்சுக்கட்டுமா'ன்னு கேட்டுட்டுத்தான் பறிப்பேன். என் வீட்டுலயேவா விருந்தாளியா இருந்தேன்?'

அவர் சிரித்தாரா என்பதில் எங்கள் மூவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விடுதலைப் பத்திரம் எழுதித் தரமாட்டேன் என்றார். விற்கிறவர்களில் ஒருத்தியாகக் கையெழுத்துப் போடுகிறேன், என் பணத்தை என் பேரில் வரைவோலையாகக் கொடுங்கள் என்றார். ஊரில் இதற்காக அவரைப் பேசியவர்கள் உண்டு. கொடுத்த எங்களைப் பெருந்தன்மைக்காரர்கள் என்று புகழ்ந்தவர்களும் உண்டு. இரண்டுமே எங்களுக்குப் பொருந்தாப் பேச்சாகப் பட்டன. அவர் பொருளை அவர் விற்றார்.

பெரிய அத்தையின் கால் பங்கில்தான் நாங்கள் எதிர்பாராத முடிச்சு இருந்தது. அவருக்கு முன்பே அவர் கணவர் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. இளைய மகன் 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். அவருடைய பங்கு மனைவிக்கும் ஒரே மகளுக்கும் சேர, அந்தச் சிறுமிக்கு வந்தது இருபத்து நான்கில் ஒரு பங்கு. கோயம்புத்தூரில் பள்ளியில் படிக்கும் பதினான்கு வயதுக் குழந்தை; அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆயிரத்தெண்ணூறு சதுர அடி மனையில் அவளுக்கு எழுபத்தைந்து சதுர அடி. எங்கள் பழைய சமையலறையின் அளவு.

வயது வராதவரின் அசையாச் சொத்தை, இயற்கைக் காப்பாளரான தாயே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது. விற்றால், பதினெட்டு வயது நிரம்பிய மூன்று ஆண்டுகளுக்குள் அந்தக் குழந்தை வழக்குப் போட்டுத் தன் பங்கு அளவுக்கு விற்பனையைத் தள்ளுபடி செய்ய முடியும். இரண்டரை லட்சம் ரூபாய்ப் பங்குக்காக இவ்வளவு அலைச்சலா, அம்மா கையெழுத்தே போதுமே என்றார் தரகர். வங்கி ஒப்பவில்லை. ஆசிரியத் தம்பதியரும் ஒப்பவில்லை. தங்கள் ஆயுட்காலச் சேமிப்பைப் போடுகிறவர்கள் ஏன் ஒப்ப வேண்டும்? மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். விற்பது குழந்தைக்குத் தேவை அல்லது தெளிவான நன்மை என்று காட்ட வேண்டும். எழுபத்தைந்து சதுர அடியைத் தனியாகப் பிரித்து யாரும் குடியிருக்க முடியாது என்பதே எங்கள் வாதத்தின் முதுகெலும்பு. மதிப்பீட்டறிக்கை, நாளிதழ் விளம்பரம், வாய்தா, மறுபடி வாய்தா என்று ஏழு மாதங்கள் சென்றன. பணத்தைக் குழந்தை பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும், பதினெட்டு நிரம்பும்வரை முதலைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. அந்த ஏழு மாதங்களில் நாங்கள் அலுத்துக்கொண்டதுண்டு. ஆனாலும், வீட்டில் எவரும் நினைத்துப் பார்த்திராத ஒரு குழந்தையின் பொருளை ஒரு நீதிபதி உட்கார்ந்து கணக்குப் பார்த்துப் பத்திரப்படுத்தினார் என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது.

இடையில் விற்பனை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதையும் பதிவு செய்தாக வேண்டும். முன்பணத்தை ரொக்கமாக வாங்கிவிட வேண்டாம் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். 2015 முதல் நிலபுலன் விற்பனையில் இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி குற்றம், தண்டம் வாங்கிய தொகை அளவுக்கே போகும். விலை ஐம்பது லட்சத்தை எட்டினால் வாங்குபவர் நூற்றுக்கு ஒன்று வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஒன்பது விற்பவர்கள் என்றால் ஒன்பது பான் எண், ஒன்பது கணக்கு. பள்ளிக் குழந்தைக்கும் ஒரு பான் அட்டை எடுத்தோம். முத்திரைத் தீர்வை ஏழு சதவீதமும் பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதமும் வாங்குபவர் தலையில்; அறுபது லட்சத்துக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். அந்த இரண்டு சதவீதம் 2023-க்கு முன் நான்காக இருந்தது. வழிகாட்டி மதிப்பை உயர்த்திவிட்டுக் கட்டணத்தைக் குறைத்தார்கள். விலையைக் குறைத்துக் காட்டலாமே என்ற பேச்சு எல்லா வீட்டு விற்பனையிலும் ஒருமுறை தலைகாட்டும்போலும். ஒன்பது பேருக்குப் பங்கு போட வேண்டிய இடத்தில் கறுப்புப் பணத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. நேர்மைக்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

நான்கு எல்லை விவரத்தில் ஒரு நாள் போயிற்று. 1948 பத்திரத்தில் 'செட்டியார் வீட்டுக்கு மேற்கு' என்றிருந்ததை, மேற்கில் செட்டியார் வீடு என்று படித்த இளம் எழுத்தர் ஒருவர் வரைவில் வீட்டையே திருப்பிப் போட்டுவிட்டார். செட்டியார் வீட்டுக்கு மேற்கில் நம் வீடு இருக்கிறது, ஆகவே செட்டியார் நமக்குக் கிழக்கு என்று அந்தப் பழைய வாசகத்தைப் படிக்க வேண்டும். பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் வரைவை ஒருமுறை வாசலில் நின்று, சூரியனைப் பார்த்தபடி சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஊஞ்சலுக்கும் ஒரு சட்டக் கேள்வி உண்டு என்பதை இதில்தான் அறிந்தோம். வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கதவு, சன்னலோடு, வீட்டின் நிரந்தரப் பயனுக்காக வைக்கப்பட்ட பொருள்களும் சேர்ந்து போகும். கூடத்து உத்திரத்தில் வளையம் நிரந்தரம், சங்கிலி? பலகை? வாங்குகிறவர்களுக்கு ஊஞ்சல் மேல் ஆசை. அம்மாவுக்கும்தான். எதுவானாலும் எழுதிவிடுங்கள் என்றார் வழக்கறிஞர். வளையமும் சங்கிலியும் வீட்டோடு, பலகை எங்களோடு என்று எழுதினோம்.

பதிவு நாள் 2024 இறுதியில் வந்தது. நடக்க முடியாதவர்களுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியவும் வழி உண்டு. மகனுக்கு அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்துவிடவும் செய்யலாம். சின்ன அத்தை இரண்டையும் வேண்டாம் என்று திருச்சியிலிருந்து காரில் வந்தார். ஒவ்வொருவராகப் புகைப்படம், விரல் ரேகை. எங்களுடையது உடனே பதிந்தது. அம்மாவுடையது இரண்டாம் முறை. அத்தையின் விரலைக் கருவி ஏற்கவில்லை. பாத்திரம் துலக்கித் தேய்ந்த ரேகை. ஊழியப் பெண் ஈரத்துணியால் துடைத்து, இடது கை, மறுபடி வலது கை என்று பொறுமையாக முயன்றுகொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது. அம்மா எழுந்துபோய் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து, விரலைக் கண்ணாடி மேல் அழுத்தி வைத்தார். ஐந்தாவது முறை பச்சை விளக்கு எரிந்தது.

சார்பதிவாளர் பத்திரத்தைப் பார்த்தபடி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: 'எழுதிக் குடுக்கச் சம்மதந்தானே பாட்டி? பணம் வந்துருச்சா?'

அத்தை வரைவோலையை விரித்து, பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'என் பங்குக்கு வந்துருச்சு' என்றார். அடுத்த டோக்கன் எண்ணை அழைத்தார்கள்.